கோரை: காட்டுக்குக் களை, கடைக்குச் சரக்கு

மழை பெய்த மூன்றாம் நாள் எங்கள் வாலிகண்டபுரம் பக்கத்துக் கரிசல் காடுகளைப் பாருங்கள். விதைச்ச பருத்தியும் மக்காச்சோளமும் முளைச்சு வர்றதுக்கு முன்னாடியே ஊசி ஊசியாக மண்ணைத் துளைச்சிக்கிட்டு மேலே நிற்பது கோரைதான். வெட்டி எறிந்தால் நாலு நாளில் மறுபடியும் எழுந்து நிற்கும். சின்ன வெங்காயம் போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாத்திக்குள்ளே எது வெங்காயத் தாள், எது கோரைன்னு பிரிச்சு எடுத்து முடிக்கிறதுக்குள்ளே இடுப்பு ஒடிஞ்சிரும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் மூன்றும் பெரம்பலூர் மாவட்டத்தின் உயிர்ப் பயிர்கள். மூன்றுக்கும் பொதுப் பகையாளி கோரை.

இதே கோரையின் கிழங்கை, சீனாவில் மருந்துக்கடையில் நிறுத்து விற்கிறார்கள். அங்கே அதற்கு 'சியாங் ஃபு' என்று பேர். 'சியாங்' என்றால் மணம். அவ்வளவு தூரம் போவானேன், பெரம்பலூர் நாட்டு மருந்துக்கடையில் போய் கோரைக்கிழங்கு அல்லது முத்தக்காசு என்று கேளுங்கள், பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆக, காசு கொடுத்துக் களைக்கொல்லி வாங்கி ஒரு செடியைக் கொல்கிறோம். அதே செடியின் கிழங்கைக் காசு கொடுத்து கடையில் வாங்கி வருகிறோம். இரண்டு பக்கமும் காசு போவது நம்ம மடியில் இருந்துதான். இதைப் பற்றித்தான் உழவர் உறவுகளோடு பேச நினைக்கிறேன்.

எந்தக் கோரை?

கோரை என்று சொல்லும்போதே ஒரு குழப்பம் வரும். முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில் பாய் நெய்வதற்காகப் பயிர் செய்கிறார்களே, அது பாய்க்கோரை. ஆள் உயரத்துக்கு வளரும். நாம் பேசுவது அது இல்லை. மஞ்சள் கோரை என்று இன்னொன்று உண்டு. அதன் பூ மஞ்சளாக இருக்கும், வேரின் நுனியில் ஒவ்வொரு கிழங்காகக் காய்க்கும், தின்றால் இனிக்கும். அதுவும் இல்லை.

நம் காட்டுக் கோரையின் பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். தண்டை உருட்டிப் பார்த்தால் முக்கோணமாகத் தட்டுப்படும். தோண்டினால் ஒரு கிழங்கோடு நிற்காது. மெல்லிய கம்பி போன்ற வேர்த்தண்டில் மணி கோத்த மாதிரி கிழங்குகள் அடுத்தடுத்துத் தொங்கும். மேல்தோல் கறுத்து, மயிர் மூடியிருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், கும்மென்று ஒரு மணம் வரும். கடித்தால் லேசான கசப்பும் காரமும் தெரியும். மருந்துக்கு உரியது இதுதான். அறிவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ்.

உலகத்தின் மோசமான களைகளைப் பட்டியல் போட்டு 1977-இல் லெராய் ஹோம் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் முதல் இடம் இந்தக் கோரைக்குத்தான். 92 நாடுகளில், 52 பயிர்களில் களையாக இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். அதனால் 'நம்ம காட்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சாபம்' என்று யாரும் நொந்துகொள்ள வேண்டாம்.

சீன வைத்தியத்தில் பெண்களுக்கான மருந்து

சீனர்கள் இந்தக் கிழங்கை ஆயிரத்து ஐந்நூறு வருஷமாவது மருந்தாகப் பயன்படுத்தி வருகிறார்கள். லி ஷிசென் என்ற வைத்தியர் தொகுத்து, அவர் இறந்த பிறகு 1596-இல் அச்சான பெரிய மூலிகை நூல் ஒன்று இருக்கிறது. அதில் கோரைக்கிழங்குக்குத் தனி மரியாதை. பெண்களுக்கு வரும் நோய்களுக்கான மருந்துகளில் இதைத் தளபதி இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் கணக்குப்படி உடம்பில் ஓடும் 'சீ' என்ற உயிர்க்காற்று, மனக்கவலையாலும் கோபத்தாலும் கல்லீரல் பக்கம் தேங்கிவிடுகிறது. அதனால் விலா வலி, வயிற்று உப்புசம், மாதவிலக்கு தள்ளிப்போவது, விலக்கு நேர வயிற்று வலி, மார்பில் கனம் எல்லாம் வருகின்றன. தேங்கினதை ஓட விடுவது சியாங் ஃபுவின் வேலை. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூ டான்ஷி என்ற வைத்தியர், மன அழுத்தத்தால் வரும் அடைப்புகளுக்கு ஐந்து சரக்கு சேர்த்து 'யுவெ ஜு' என்ற மருந்தைச் சொன்னார். ஐந்தில் ஒன்று கோரைக்கிழங்கு. அந்த மருந்து இன்றைக்கும் மாத்திரையாக விற்பனையாகிறது. ஜப்பானில் சளி பிடிக்கும் ஆரம்பத்தில் கொடுக்கும் 'கோசோசான்' என்ற கலவையிலும் இது உண்டு.

'வாதம் கட்டிக்கிச்சு', 'வாயு சேந்துக்கிச்சு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் சீனர்களின் இந்தச் 'சீ' கணக்குக்கும் ரொம்ப தூரம் இல்லை.

அவர்கள் அறுவடை செய்வது இலையுதிர் காலத்தில். கிழங்கைத் தோண்டி, நெருப்பில் வாட்டி மயிரைக் கருக்குவார்கள். பிறகு லேசாக வேகவைத்தோ ஆவியில் அவித்தோ வெயிலில் காயவைப்பார்கள். வலிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அரிசிக் காடியில் ஊறவைத்து வறுத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு நாளைக்கு 6 முதல் 10 கிராம் வரை கசாயத்துக்கு என்பது சீன அரசு மருந்து நூலின் அளவு.

எங்கள் காட்டுக்குக் களை வெட்ட வரும் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, "ஏந்தம்பி, மாசா மாசம் அந்த மூணு நாளும் வயித்தப் புடிச்சிக்கிட்டே இதத்தான வெட்டிக் கெடந்தோம். மருந்தக் கையில வச்சிக்கிட்டேவா மாத்தர வாங்கப் போனோம்?" என்றார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. உலகத்தின் ஒரு மூலையில் பெண்களின் வலிக்கு மருந்தாக இருக்கிற கிழங்கை, இன்னொரு மூலையில் பெண்கள்தான் நாள்கூலிக்குக் குனிந்து வெட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

நம்ம வைத்தியத்தில்

சீனா வரைக்கும் போய்த்தான் இதன் பெருமை தெரிய வேண்டும் என்றில்லை. 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்களே, அதில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு. வரிசையில் நின்று வாங்கிக் குடித்த எத்தனை பேருக்கு, தன் வரப்போரத்துக் கோரையைத்தான் குடிக்கிறோம் என்று தெரிந்திருக்கும்?

ஆயுர்வேதத்தில் இதற்கு முஸ்தா என்று பேர். காய்ச்சலில் தாகம் அடங்காமல் தவிக்கிறவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் 'ஷடங்க பானீயம்' என்ற ஆறு சரக்குத் தண்ணீரிலும் கோரைக்கிழங்கு, வெட்டிவேர், சந்தனம், சுக்கு, பற்படாகம் எல்லாம் வருகின்றன. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கோரைக்கிழங்கு என்பதில் சித்தம், ஆயுர்வேதம் இரண்டும் ஒத்துப் போகின்றன.

நம் வீடுகளில் இருந்த வழக்கங்களையும் சொல்கிறேன்.

வயிற்றுக் கடுப்பு, செரியாமல் போகும் பேதிக்குக் கிழங்கையும் இஞ்சியையும் சேர்த்து அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பச்சைக் கிழங்கை அரைத்து மார்பில் பற்றுப் போடுவார்கள்.

பெண் குழந்தைகளுக்குப் பூசும் நலங்கு மாவில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேரோடு கோரைக்கிழங்கும் சேரும். வேர்வை நாற்றம் போகும், தேவையில்லாத பூனை முடி மட்டுப்படும் என்பது நம்பிக்கை.

இதெல்லாம் நீண்ட கால அனுபவ அறிவு. கிழங்கின் வாசனை எண்ணெயில் சைப்பரீன், ஆல்ஃபா சைப்பரோன் என்ற பொருள்கள் இருப்பதை ஆய்வுக்கூடங்கள் பிரித்துக் காட்டியிருக்கின்றன. வீக்கம், வலி, வயிற்றுப்போக்கு இவற்றைக் குறைக்கிறதா என்று பெரும்பாலும் எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். 'இன்ன நோயை முழுசாகக் குணமாக்கும்' என்று மேடை போட்டுச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் பெரிய ஆய்வு நடக்கவில்லை. அதனால் சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் போகும் என்று யாராவது கைபேசியில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

ஒரு சுவையான சேதி. ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டில் அல் கிதாய் என்ற இடத்தில் பழங்கால மனிதர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். பல்லில் படிந்திருந்த காரையைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டாயிரம் வருஷத்துக்கு முன்பிருந்தே அங்கே மக்கள் கோரைக்கிழங்கைத் தின்று வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. உழவு தொடங்கிய பிறகும் அதை விடவில்லை. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பல் சொத்தை குறைவாக இருந்ததற்கு, பல்லை அரிக்கும் கிருமியை இந்தக் கிழங்கு தடுத்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

நஞ்சு போய்ச் சேரும் இடம்

பக்கத்துக் காட்டு மாமா ஒருத்தர் என்னைப் பார்த்தால் சிரிப்பார். "நாலு டேங்க் அடிச்சா முடிஞ்சி போச்சி. நீ என்னா மாப்ள, வெயில்ல கெடந்து கெழங்கு பொறுக்குற?"

"அடிச்ச காட்டுல அடுத்த மழைக்குக் கோரை வரலியா மாமா?"

"வந்துச்சி. மறுக்கா அடிச்சேன்."

அதுதான் விஷயம். கோரைக்கு அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட். இது இலையில் பட்டு இலையை மட்டும் கருக்கும் மருந்து இல்லை. இலை தயாரிக்கும் சாப்பாட்டோடு கலந்து, கீழே இறங்கி, கிழங்குக்குப் போய்ச் சேர்ந்துதான் கொல்லும். அது வேலை செய்யும் முறையே அப்படித்தான். ஆனால் மண்ணுக்குள் எல்லாக் கிழங்கும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. தூங்கிக் கிடக்கும் கிழங்குக்கு இலையும் கிடையாது, நஞ்சும் போய்ச் சேராது. அடுத்த மழைக்கு அது எழுந்து வரும். திரும்ப டேங்க், திரும்பக் காசு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்த்தது. இந்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இதை அடிக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அப்படியும் நடைமுறையில் முதுகில் டேங்கோடு வெறுங்காலில் நடக்கிறவர் நம்மைப் போன்ற உழவரும் கூலியாளும்தான். 2017-இல் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போய் நம் மாவட்டத்தில் உயிர் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். களைக்கொல்லி போய்ச் சேருவது கிழங்குக்கு. மருந்தாக நாம் குடிப்பதும் அதே கிழங்கை. நஞ்சு அடித்த காட்டில் பொறுக்கிய கிழங்கு, காய்ச்சல்காரனின் கசாயத்துக்கும் பச்சைக் குழந்தையின் குளியல் மாவுக்கும் போனால் என்ன ஆகும்? கடையில் வாங்கும் கோரைக்கிழங்கு எந்தக் காட்டில் இருந்து வந்தது என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது. நஞ்சில்லாக் காடு வைத்திருக்கிற நமக்கு மட்டும்தான் 'இது சுத்தமான கிழங்கு' என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும்.

களையெடுப்பே அறுவடை

கோரையின் பலமும் கிழங்குதான், பலவீனமும் கிழங்குதான். விதையால் அது அதிகம் பரவுவதில்லை. கிழங்கில் பெரும்பகுதி மேல் மண்ணில் அரை அடி ஆழத்துக்குள் இருக்கும். சங்கிலியாகக் கோத்திருக்கும்போது நுனிக்கிழங்கு மற்றவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைக்கும். ஈரத்தில் ரோட்டாவேட்டர் விட்டுச் சங்கிலியைத் துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகக் கிளம்பும். ஈரக்காட்டில் ரோட்டாவேட்டர் ஓட்டுவது கோரைக்கு விதை போடுகிற மாதிரி.

ஆனால் காய்ந்தால் கிழங்கு செத்துப்போகும். எனவே முறை இதுதான்.

ஒன்று: கோடை உழவு. சித்திரை, வைகாசியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது கொக்கிக் கலப்பையால் கிளறி, கிழங்கை மேலே கொண்டுவர வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு இரண்டாம், மூன்றாம் உழவு. ஒவ்வொரு உழவுக்குப் பிறகும் மேலே கிடப்பதைப் பொறுக்கி எடுத்தால், அதுவே அறுவடை. விட்டது வெயிலில் காயும்.

இரண்டு: நிழல். கோரைக்கு வெயில் வேண்டும், நிழல் ஆகாது. முதல் மழைக்குப் பலதானியத்தையோ சணப்பையோ நெருக்கமாக விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். மண்ணுக்கு உரம், கோரைக்குப் பட்டினி.

மூன்று: முளைத்த கோரையை ஐந்து, ஆறு இலை வருவதற்குள் வெட்டிவிட வேண்டும். அதைத் தாண்டினால் கீழே புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். விடாமல் வெட்டினால் பழைய கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து தீர்ந்து ஓய்ந்துபோகும்.

நான்கு: அறுவடை முடிந்த காட்டில் பன்றிகளை விட்டுக் கிளற விடுவது பழைய வழக்கம். கிழங்கைத் தேடித் தின்றுவிடும், எருவும் போடும்.

பிளாஸ்டிக் மூடாக்கு போட்டால் வராது என்று நினைக்காதீர்கள். அதையும் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வெளியிலிருந்து வாங்கும் தொழுவுரம், வண்டல் மண்ணோடு கிழங்கு வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோடையில் கோரை ஒழிந்துவிடாது. மூன்று, நான்கு வருஷம் தொடர்ந்து செய்தால் பயிரை அமுக்காத அளவுக்குக் குறையும்.

வீட்டுப் பக்குவம்

பொறுக்கிய கிழங்கை மண் போக இரண்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்தால் மயிர் உதிரும். மீதி இருப்பதைச் சீனர்கள் மாதிரி வாணலியில் போட்டு லேசாகப் பொசுக்கி எடுக்கலாம். பிறகு முறத்தில் புடைத்து, உடைத்தால் 'டக்' என்று முறியும் வரை காயவைத்து, மண்பானையிலோ காற்றுப் புகாத டப்பாவிலோ வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதை மருந்துக்குத் தொடக்கூடாது.

கசாயத்துக்கு ஒரு தேக்கரண்டி இடித்த கிழங்கு, இரண்டு டம்ளர் தண்ணீர். அரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். இரண்டு, மூன்று நாளுக்கு மேல் வைத்தியர் சொல்லாமல் தொடர வேண்டாம்.

சாக்கடை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், ஆலைக்கழிவு ஓடும் வாய்க்காலில் இருக்கும் கோரையைத் தொடாதீர்கள். நம்ம ஊரைத் தொட்டுக்கொண்டு திருச்சி–சென்னை சாலை போகிறது. அந்த ஓரத்துக் கோரை எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம்.

கர்ப்பிணிகள், மாதவிலக்கு மருந்து ஏற்கெனவே எடுக்கிறவர்கள், மலச்சிக்கல் உள்ளவர்கள் சித்த மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்கு எடுக்கக்கூடாது. விலக்கு நேரத்தில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு இருந்தாலோ, வலி மாதாமாதம் கூடிக்கொண்டே போனாலோ, கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அதேபோல் டெங்கு என்று சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவமனை. குடிநீர் துணைக்குத்தான்.

விற்க முடியுமா?

'அப்போ கோரையைப் பயிரே பண்ணலாமா?' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. மூலிகைச் செடி போடு, நாங்களே வாங்கிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அறுவடை நேரத்தில் காணாமல் போனவர்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. கோரையில் பெரிய விலையும் கிடையாது. களையெடுக்கும் கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால் அதுவே லாபம். நான் காய்ந்த கிழங்கில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, களை எடுத்த அக்காமார்களுக்குப் பங்கு பிரித்துவிட்டு, மிச்சத்தைத் தெரிந்த நாட்டு மருந்துக்கடைக்கும் நலங்கு மாவு அரைக்கும் மகளிர் குழுவுக்கும் கொடுக்கிறேன். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மருந்து அடிக்காத காடுதான?"

இந்தக் கோடைக்கு நீங்களும் ஒரு கால் ஏக்கரில் செய்து பாருங்கள். களைக்கொல்லிக்கு ஒதுக்கிய பணத்தைக் கிழங்கு பொறுக்கும் ஆள் கூலிக்குக் கொடுங்கள். ஊர்க்காசு ஊருக்குள்ளேயே நிற்கும், மண்ணுக்குள் நஞ்சு இறங்காது. பொறுக்கிய கிழங்கைக் காயவைத்து எடைபோட்டு, எத்தனை ஆள் வேலை, எத்தனை கிலோ, அடுத்த மழைக்குக் கோரை எவ்வளவு குறைந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆடிப்பட்டம் முடிந்ததும் நம் உழவர் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். எல்லாக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பேசுவோம்.